பைனா படகில் ஏறவில்லை

பெரிய பங்களாவிலிருந்து எனக்கு ஆள் வந்த அன்று, நாங்கள் குடியிருந்த குடிசை வரிசையான லயத்துக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நண்டு சுட்டுத் தின்றுகொண்டிருந்தேன். கங்காணி லைமஸ் வந்து நின்றார்.

"பைனா, எந்திரி. மூஞ்சியக் கழுவு. துரைசாணி உன்னைப் பாக்கணுங்கறாங்க."

லைமஸும் எங்களைப் போலத் துரைக்குச் சொந்தமான ஆள்தான். பருத்திக்காட்டில் மற்றவர்களை வேலை ஏவுவதற்காக அவர் கையில் ஒரு சாட்டையைக் கொடுத்திருந்தார்கள். துரை கண்ணில் படும்போது அதைக் கையில் பிடிப்பார். மற்ற நேரமெல்லாம் துண்டு போலத் தோளில் கிடக்கும்.

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. எங்கள் பிறந்த நாளை யாரும் குறித்து வைத்ததில்லை. கால் மட்டும் உடம்பை முந்திக்கொண்டு நீளமாக வளர்ந்திருந்தது. துரைசாணி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல்லைக் காட்டச் சொன்னாள். "யூஜினிக்கு இவ போதும்" என்றாள்.

யூஜினி அவளுடைய மகள். கிட்டத்தட்ட என் வயது. அன்று முதல் நான் அவளுடைய ஆள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும். அவள் தலை வாரும்போது கண்ணாடி பிடிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் கடைசி ஆள் கை துடைக்கும் வரை மயிலிறகு விசிறியால் ஈ ஓட்ட வேண்டும். "இவளுக்குக் கல்யாணம் ஆகுறப்போ பைனாவையும் கூடவே அனுப்பிடலாம்" என்று துரைசாணி விருந்தாளிகளிடம் சொல்வாள். சீர் கொடுக்கப்போகும் வெள்ளிப் பாத்திரத்தைப் பற்றியும் அதே குரலில்தான் சொல்வாள்.

என் அம்மா சில்வி பருத்திக்காட்டில் களை கொத்துகிறவள். அப்பா பெயர் காட்டோ; பக்கத்துத் தீவில் வேறொரு துரைக்குச் சொந்தம். சனிக்கிழமை மாலை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தோணியில் வருவார்; வரும் வழியில் வலை வீசி நாலு மடவை மீன் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை பகல் மட்டும் நான் லயத்துக்குப் போகலாம். அந்த ஒரு பகலில் அம்மா எனக்குப் பேன் பார்ப்பாள், அப்பா மீன் முள்ளை எடுத்து எடுத்துக் கொடுப்பார். லயத்தில் பாதிப் பிள்ளைகளுக்குத் தகப்பன் முகம் தெரியாது. சிலருக்குத் தாய் முகமும் தெரியாது. அந்தக் கணக்கில் நான் பணக்காரி. அதற்கு இன்றைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

பங்களாவின் சமையலறை தனிக் கட்டடம். அதை ஆண்டவள் டாஃப்னி. அவளும் துரைக்குச் சொந்தமான ஆள்தான் என்றாலும், அடுக்களைக்குள் துரைசாணியே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள். பெருத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் எப்போதும் வசவு.

"ஏய் கொக்கு! சேத்துல நிக்கிற கொக்காட்டம் ஏன்டி நிக்கிற? தண்ணி கொண்டா!"

கொக்கு என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். சில நாள் ஒரு ரொட்டியை என் பக்கம் எறிந்து, "கருகிப்போச்சு. கொண்டுபோய் நாய்க்குப் போடு" என்பாள். அதில் எங்கே கருகியிருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அடுக்களைப் பக்கம் நாயே கிடையாது என்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று.

லயத்தில் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. "டாஃப்னி கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, துரை காதுல ரெண்டு வார்த்தையா விழும்" என்பார்கள். அம்மாவும் என் கன்னத்தைப் பிடித்துச் சொல்லியனுப்புவாள்: "அவ முன்னாடி வாயைத் திறக்காதடி. சிரிக்கக்கூட சிரிக்காத."

ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. காதை மட்டும் திறந்து வைத்தேன். ஈ ஓட்டுகிறவளை யாரும் ஆளாக நினைப்பதில்லை. அந்தக் குளிர்காலத்தில் மேசைப் பேச்சே மாறிப்போயிற்று. முன்பெல்லாம் பருத்தி விலையும் மான் வேட்டையும் பேசுவார்கள். இப்போது வடக்கே யாரோ புதிதாக ஜனாதிபதி ஆகிவிட்டார், இனி அவர்களோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தனி நாடு என்று துரை மேசையைக் குத்தினார். தனி நாட்டுக்கு அடையாளமாக யூஜினியின் சட்டையில் நீல நாடாவில் ஒரு பூ குத்தினார்கள். வசந்த காலத்தில் சற்று வடக்கேயுள்ள துறைமுகத்தில் வடக்கத்தியார் கையிலிருந்த ஒரு கோட்டையைத் துரையின் பக்கத்தார் சுட்டு வீழ்த்திவிட்டார்கள் என்று சேதி வந்தது. அன்றைக்குப் பங்களாவில் ஒயின் ஓடியது. "ஒரு மாசத்துல சண்டை முடிஞ்சிடும்" என்றார் துரை.

கேட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அம்மா காதில் போட்டேன். அம்மா அதை லைமஸ் காதில் போட்டாள். வாரக் கடைசியில் லயத்து ஜெபக் குடிசையில், வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினார்கள்.

கோடையில் ஒருநாள் துரை எல்லாரையும் பருத்திக் கிடங்குக்கு முன்னால் கூட்டினார். வண்டிமேல் ஏறி நின்றார்.

"வடக்கத்தியான் வந்தா உங்களைச் சும்மா விடமாட்டான். தலையில கொம்பு வச்ச ஜாதி அது. மாட்டுக்குப் பதிலா உங்களை வண்டில பூட்டுவான். அப்புறம் கப்பல்ல அள்ளிக்கிட்டுப் போய்க் கியூபாவுல வித்துடுவான். நான் இருக்கற வரைக்கும் உங்களுக்குப் பயமில்லை. நான் எங்க கூப்பிட்டாலும் என்கூட வந்துடணும். புரியுதா?"

"புரியுதுங்க துரை" என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மடியில் முகம் புதைத்து, கியூபா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வாசலில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்த லைமஸ் சிரித்தார்.

"மனுஷனை விக்கக்கூடாதுன்னு துரைக்குத் தெரிஞ்சே போச்சே, சில்வி! போன அறுப்புக்கு என் தம்பியை வித்தாரே, அப்பத் தெரியலையாக்கும்?"

"மெதுவாப் பேசு அண்ணே."

"மெதுவாத்தான் பேசறேன். வித்துப் பழகின கை சொல்லுது, வடக்கத்தியான் வித்துடுவான்னு. வரட்டும். கொம்பு இருக்கான்னு நானே தடவிப் பாத்துடறேன்."

அம்மா சிரித்தாள். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அப்பாவும் மீனைப் புரட்டியபடியே சிரித்தார். எனக்குப் பயம் போய்விட்டது.

நவம்பர் மாதம். பருத்தி பறித்துக் கிடங்கில் மலைபோலக் குவித்திருந்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. காலையில் யூஜினிக்குக் கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் இடி இடித்தது. மறுபடி இடித்தது. அப்புறம் நிற்கவே இல்லை. கண்ணாடி என் கையில் அதிர்ந்தது. ஜன்னல் சட்டங்கள் கிடுகிடுத்தன.

"மழையா பைனா?" என்றாள் யூஜினி.

"வெயில் அடிக்குதே சின்னம்மா" என்றேன்.

கழிமுகத்துக் கோட்டைகளை வடக்கத்தியார் கப்பல்கள் சுட்டுக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்கு மேல், நுரை தள்ளிய குதிரையில் ஒருவன் வந்து கத்தினான்: "கோட்டை போச்சு! தீவை விட்டுக் கிளம்புங்க!" அந்த வீடு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. துரைசாணி வெள்ளிச் சாமான்களைப் போர்வையில் மூட்டை கட்டினாள். துரை சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். லைமஸைக் கூப்பிட்டு, "எல்லா ஆளையும் படகுத்துறைக்கு ஓட்டிக்கிட்டு வா. ஒருத்தன் பாக்கியிருக்கக் கூடாது" என்றார்.

"இதோங்க துரை" என்று லைமஸ் சாட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுக்கு ஓடினார். அங்கே போய் அவர் சொன்னது இதுதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்: "துறைப்பக்கம் ஒருத்தனும் போகாதீங்க. சதுப்புக்குள்ள ஓடுங்க. குழந்தைங்க வாயில துணியை வைங்க." லயம் முழுவதும் கோரைக்குள் மறைந்துவிட்டது. அம்மா மட்டும் பங்களாவைப் பார்த்து ஓடி வரப் பார்த்தாளாம். "நீ போனா உன்னையும் சேத்து ஏத்திடுவானுங்க" என்று இரண்டு பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக் கீழே அழுத்தி வைத்திருந்தார்களாம்.

எனக்கு அதெல்லாம் தெரியாது. யூஜினி என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. "பைனா இல்லாம நான் போகமாட்டேன்" என்று அழுதாள். துறையில் பெரிய படகு காத்திருந்தது. துடுப்புப் போடச் சில ஆண்களைத் துப்பாக்கி காட்டி உட்கார வைத்திருந்தான் மேற்பார்வை பார்க்கும் வெள்ளைக்காரன். கடல் உள்வாங்கி நீர் வடியத் தொடங்கிவிட்டது. இன்னும் சற்றுத் தாமதித்தால் படகு சேற்றில் மாட்டிக்கொள்ளும். துரை லயத்துப் பக்கம் பார்த்துப் பார்த்துத் திட்டினார். ஒருவரும் வரவில்லை.

டாஃப்னி படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள், துரைசாணியின் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு. அந்தக் குழந்தைக்கு மூச்சிரைப்பு உண்டு. யூஜினி ஏறினாள். நான் ஒரு காலைப் படகில் வைத்தேன்.

"ஐயோ! குழந்தை மருந்து!" என்று டாஃப்னி அலறினாள். "புட்டி எங்கடி? கிளம்பும்போதே உன்கிட்ட எடுத்துக்கச் சொன்னேனே!"

என்னிடம் அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"பாருங்கம்மா, இந்தக் கொக்கு மருந்தை விட்டுட்டு வந்திருக்கு! ராத்திரி குழந்தைக்கு மூச்சு முட்டினா என்ன செய்ய?"

துரைசாணியின் முகம் வெளுத்தது. "ஓடு! ஓடிப் போய் எடுத்துட்டு வா!" என்றாள்.

"வேற யாரையாவது அனுப்பும்மா" என்றாள் யூஜினி.

"இந்தக் காலை விட்டா வேகமா ஓட வேற கால் ஏது?" என்ற டாஃப்னி, எட்டி என் காதைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பொறி கலங்கியது. அவள் வாய் என் காதோடு ஒட்டியிருந்தது. "திரும்பி வராதடி" என்றாள். மூச்சுக் காற்றில் சொன்னாள். உடனே நிமிர்ந்து ஊர் கேட்கக் கத்தினாள்: "ஓடுடி! வெறுங்கையோட வந்தே, தோலை உரிச்சுடுவேன்!"

ஓடினேன். அவள் காதில் சொன்னதை என் காது நம்பவில்லை. நேராக அடுக்களைக்குள் போய் அலமாரியெல்லாம் தேடினேன். மாவுப் பானைக்குள்கூடக் கையை விட்டேன். புட்டி இல்லை. துறையிலிருந்து மணியை அடித்தார்கள். "பைனா!" என்று யூஜினி கூப்பிடுவது கேட்டது. வெறுங்கையோடு போனால் உரித்துவிடுவாளே என்று அழுகை வந்தது. அப்போதுதான் மனதில் பட்டது. கரண்டி ஒன்று இடம் மாறியிருந்தாலும் இருட்டில் கண்டுபிடிக்கிறவள் டாஃப்னி. அவள் மருந்தை மறக்கிறவளா? அப்படியானால் காதில் சொன்னதுதான் நிஜம்.

பருத்திக் கிடங்குக்கு ஓடி, அந்த வெள்ளை மலைக்குள் தலைகீழாகப் பாய்ந்தேன். மூக்கிலும் வாயிலும் பஞ்சு. மூச்சை அடக்கிக் கிடந்தேன். பூட்ஸ் சத்தம் வந்தது. "ஏ பெண்ணே!" என்று மேற்பார்வைக்காரன் வாசலில் நின்று கூப்பிட்டான். எதையோ எட்டி உதைத்தான். துறையிலிருந்து துரை, "தண்ணி போகுதுய்யா! அவ கிடக்கா, வா!" என்று கத்தினார். பூட்ஸ் சத்தம் போய்விட்டது.

யூஜினி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரல் தண்ணீர்மேல் தள்ளித் தள்ளிப் போய், நின்றது. அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனால் அந்தக் குரல் நின்றதும் என் நெஞ்சு முதல்முறையாக என்னுடையதாக அடித்துக்கொண்டது.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்து இடியும் ஓய்ந்திருந்தது. லயத்தில் ஒருவரும் இல்லை. ஒரு அடுப்பில் சோளக் களி தீய்ந்து கொண்டிருந்தது. சதுப்பின் ஓரத்தில் போய் நின்று, "அம்மா!" என்று கூப்பிட்டேன். கோரை அசைந்தது. இடுப்புவரை சேறோடு ஒரு உருவம் எழுந்தது. அம்மா ஓடி வரவில்லை. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் ஓடினேன்.

"பேயா வந்திருக்கியாடி? உடம்பெல்லாம் வெள்ளையா இருக்கே!" என்று என்னைத் தடவித் தடவிப் பஞ்சை எடுத்துக்கொண்டே அழுதாள். கோரைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். யார் முதலில் பாட ஆரம்பித்தார் என்று தெரியாது. மறுநாள் அப்பா தோணியில் வந்தார். சீட்டு எங்கே என்று லைமஸ் வேடிக்கைக்குக் கேட்டார். "கொடுக்க ஆள் இல்லையே, மச்சான்" என்றார் அப்பா. அதன்பின் அவர் திரும்பிப் போகவே இல்லை.

வடக்கத்தியாரின் நீலச் சட்டைச் சிப்பாய்கள் வந்தார்கள். கொம்பு இல்லை. தேவதூதர்களும் இல்லை; எங்கள் கோழிகளைப் பிடித்துத் தின்றார்கள், ஒரு கோவேறு கழுதையையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆனாலும் எங்களை யாரும் வண்டியில் பூட்டவில்லை, கப்பலில் ஏற்றவில்லை. அம்மா லயத்துக்குப் பக்கத்திலேயே தனக்கென்று சோளம் போட்டாள். முதல் கதிரை ஒடித்தபோது அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று பழக்கத்தில் நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து பச்சையாகத் தின்றாள். வடக்கிலிருந்து வந்த ஒரு அம்மாள் ஜெபக் குடிசையில் பள்ளிக்கூடம் நடத்தினாள். நானும் அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துப் படித்தோம்.

லயத்தில் டாஃப்னியைப் பற்றிப் பேச்சு வந்தால், "எஜமான விசுவாசி, கூடவே ஏறிப் போயிட்டா" என்று காறித் துப்புவார்கள். படகில் நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த அம்மா, ஒரு ஞாயிறு ஜெபத்தில் எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழகாதவள்.

"என் பொண்ணு இங்க உக்காந்திருக்கா, பாருங்க. அவளை இங்க உக்கார வச்சவ டாஃப்னி. குழந்தையக் கையில வச்சிருந்ததால அவளுக்கு இறங்க வழியில்ல. இறங்க வழி இருந்தது ஒருத்திக்குத்தான். அந்த வழியில என் பொண்ணை அனுப்பிட்டா. அவளைப் பத்தி இனிமே யாராவது வாய் விட்டீங்க, என்கிட்ட பதில் சொல்லணும்."

லைமஸ்தான் எழுந்தார். "என் வாய் ரொம்ப நீளம். ஆண்டவரே, மன்னியும்" என்றார். அன்று முதல் ஒவ்வொரு ஜெபத்திலும் டாஃப்னியின் பெயரைச் சொல்லி, எங்கிருந்தாலும் அவளுக்குச் சோறும் துணியும் கொடுக்கும்படி வேண்டிக்கொண்டோம்.

சண்டை முடிந்த வசந்தத்தில் அவள் வந்தாள். துரை குடும்பம் ஓடிப்போயிருந்த மேட்டு நாட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். பாதி உடம்பு கரைந்துவிட்டது. ஒரு கால் வீங்கியிருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. அம்மா களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"விடு சில்வி, வீங்கின காலு. வலிக்குது" என்றாள் டாஃப்னி.

அம்மா விடவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். "அத்தை, மருந்துப் புட்டி எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"என் மடியிலதான். அன்னிக்கு ராத்திரியே குழந்தைக்குக் குடுத்தேன். பாவம், அது என்ன பண்ணும்?"

"அந்தம்மா கேக்கலையா?"

"முதல்லயே எடுத்து வச்சிருந்தேன், பயத்துல மறந்துட்டேன்னேன். சமையக்காரிக்கு மூளை ஏதுன்னு அவங்களுக்கும் தோணியிருக்கும்."

"என்னை எதுக்கு அனுப்பினீங்க? உங்களுக்கு நான்னாலே பிடிக்காதே."

டாஃப்னி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படகு தள்ற ஆளுங்களை இறக்க முடியுமா? நான் இறங்க முடியுமா? ஒரு பொய்க்கு ஒரு ஆளைத்தான் இறக்க முடியும். நீதான் இருந்தே. அதுவும் இல்லாம..." என்று நிறுத்தினாள். "உங்கம்மா இங்க இருந்தா. பிள்ளைய ஒரு பக்கம், தாயை ஒரு பக்கம் பிரிச்சு நான் பாத்தது போதும்டி."

யாருடைய பிள்ளை என்று நான் கேட்கவில்லை. அம்மா கண்ணாலேயே வேண்டாமென்றாள்.

எங்கள் குடிசைக்கு அடுத்த குடிசையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். அடுக்களைக்காரி வந்துவிட்டாள், இனி ருசியாகச் சாப்பிடலாம் என்று சிலர் வந்து எட்டிப்பார்த்தார்கள். "இனிமே எனக்குப் பசிச்சாத்தான் அடுப்பு எரியும். போங்கய்யா" என்று விரட்டினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் லயம் மொத்தமும் அவள் வாசலுக்கு வந்தது. லைமஸ் ஒரு சேவலைக் கொண்டுவந்தார். அப்பா மடவை மீன் கொண்டுவந்தார். அம்மா கூடை நிறையச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஒவ்வொருவரையும் அவள் திட்டினாள். "இந்தச் சேவலுக்கு என் வயசு இருக்கும்" என்றாள். சமைத்தது நான். மீனை வறுத்து, சோளக் களி கிண்டி, வெண்டைக்காய்க் குழம்பு வைத்து, தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தேன்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து எத்தனையோ வயிற்றுக்குச் சமைத்தவள். இன்னொருவர் சமைத்து, உட்கார்த்தி வைத்துப் பரிமாறியது அவளுக்கு அதுவே முதல் தடவை. எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கவளம் எடுத்து மென்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"உப்பு பத்தலைடி" என்றாள்.

பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், மெதுவாக, மீனின் முள்ளைக்கூட உறிஞ்சி, குழம்பை விரலால் வழித்து, தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள்.